கொள்முதலுக்குப் போகும் தெருக்களில் ஒரு நடை

சென்னைப் பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போகாத வியாபாரி நம் உறுப்பினர்களில் மிகச் சிலரே இருப்பார்கள். மளிகைக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்பச் செட்டித் தெரு, நோட்டுப் புத்தகத்துக்கும் தாளுக்கும் ஆண்டர்சன் தெரு, துணிக்கு கோடவுன் தெரு என்று நமக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் மனப்பாடம். எந்தக் கடையில் பெருங்காயம் தரமாக இருக்கும், எந்தக் கடையில் தராசு நேராக நிற்கும், எந்த முதலாளி பேசின விலையை மாற்றமாட்டார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் அந்தத் தெருவின் பெயர் எப்படி வந்தது, தெருக்கோடியில் தெரிகிற மணிக்கூண்டு யாருடையது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்போம்.

நாமும் அப்படித்தான் இருந்தோம். பல ஆண்டுகளாகப் போய் வருகிறோம். தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. மூட்டையும் சிட்டையுமாக அலைகிறவனுக்கு மாடிச்சுவரைப் பார்க்க நேரம் ஏது? ஒரு முறை முற்பகலிலேயே கொள்முதல் முடிந்துவிட்டது. லாரி ஷெட்டில் சரக்கை ஒப்படைத்து ரசீதும் வாங்கியாகிவிட்டது. ஊருக்குத் திரும்பும் வண்டிக்கு இரவுதான் டிக்கெட். வழக்கமாக இப்படிக் கிடைக்கும் பொழுதை ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து கழிப்போம். அன்று நடந்து பார்ப்போமே என்று தோன்றியது. அன்றைக்குப் பார்த்ததும், பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதும் இந்தக் கட்டுரையில் வருகின்றன. கிறிஸ்தவ ஆலயங்களைப் பற்றி வணிகர் இதழில் என்ன கட்டுரை என்று சிலர் கேட்கக்கூடும். இந்த ஆலயங்களைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள் என்பதே அதற்குப் பதில்.

எல்லைக்கல்லில் தொடங்குவோம்

பாரிமுனைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் தாமஸ் பாரி. வேல்ஸ் நாட்டுக்காரர். 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். அவர் வாங்கிய மூலை மனையில் இன்று நிற்பது 1940 வாக்கில் முடிந்த டேர் ஹவுஸ் என்னும் கட்டடம். நமக்கு வேண்டியது அந்த மாளிகை அல்ல. அதன் வளாகத்தில் கூர்முனையோடு நிற்கும் சிறு கல்தூண். அதில் 1773 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. இது போன்ற தூண்கள் ஆறு இருந்தன; எஞ்சியிருப்பது இது ஒன்றே.

இந்தத் தூணின் கதை வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639இல் இந்த மணற்கரையில் இடம் பெற்று, அடுத்த ஆண்டிலேயே கோட்டை எழுப்பத் தொடங்கினர். கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்தனர். கோட்டைக்கு வடக்கே, இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில், துணி வணிகர், நெசவாளர், துபாஷிகள் எல்லோரும் குடியேறினர். அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். கோட்டையின் ஏற்றுமதி முழுதும் அந்த ஊரை நம்பித்தான் நடந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து 1749இல் ஆங்கிலேயரிடம் அது திரும்பி வந்தது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் பதுங்கிக்கொண்டு சுடுவான்; நம் பீரங்கிக்கும் குறி தெரியாது. இதை இரு தரப்பாருமே உணர்ந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடித்தார்கள். மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். அங்கே இருந்த சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பின்னர் பூக்கடைப் பக்கம், தேவராஜ முதலித் தெருவை ஒட்டி இப்போது நாம் காணும் இரட்டைக் கோயில், அதற்கு ஈடாக எழுந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அதற்கு முன்னின்றார்.

இடித்த இடத்தைத் திடலாக விட்டு, இதற்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட எல்லைக்கற்கள்தாம் அந்த ஆறு தூண்களும். வியாபாரிகள் திடலுக்கு அப்பால் தள்ளிப் போய் ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். அதுதான் 1911 முதல் ஜார்ஜ் டவுன் என்று அழைக்கப்படும் இன்றைய கடைவீதி. ஒரு பீரங்கியின் குறி தூரத்துக்காக ஒரு கடைவீதியே பெயர்ந்தது என்பதை அந்தக் கல்லின் அருகில் நின்று நினைத்துப் பார்த்தால், சாலை அகலப்படுத்த நம் கடையின் முகப்பை இடித்த அன்று நமக்கு வந்த வயிற்றெரிச்சல் புதிதல்ல என்று தெரியும்.

கோட்டைக்குள் குமாஸ்தாக்கள் கட்டிய ஆலயம்

பாரிமுனையிலிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அதனுள் இயங்குவதால் காவலர் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே புனித மேரி ஆலயம் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் ஆங்கிலத் திருச்சபை ஆலயங்களில் மிகப் பழையது என்று இதைச் சொல்வார்கள்.

1678 மார்ச் 25இல் அடிக்கல் நாட்டி, 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணித்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களின் அனுமதிக்கு அவர் காத்திருக்கவில்லை. கடிதம் கப்பலில் போய்ப் பதில் வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். அதனால் தாமே முதலில் எழுதிக் கொடுத்துக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் சந்தா திரட்டினார். கொடுத்தவர்கள் கம்பெனியின் குமாஸ்தாக்கள், சரக்கு வாங்கி அனுப்பும் வணிகர்கள், படை அதிகாரிகள். நாம் ஊரில் கோயில் திருப்பணிக்கு வசூல் நோட்டுப் போடுகிற அதே முறைதான்.

கட்டடத்தைக் கவனித்துப் பாருங்கள். வெளிச்சுவர் நான்கடி கனம். கூரை வளைவாகக் கட்டிய செங்கல், இரண்டடி கனம். கூரையில் மரமே இல்லை. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்று கட்டியது. கோட்டையின் பீரங்கித் தலைவராக இருந்தவர் இதன் வடிவமைப்பில் பங்கு கொண்டார் என்பர். பின்னாளில் வந்த முற்றுகைகளையும் தாண்டி நின்றதற்கு அந்தக் கூரையே காரணம்.

ஆலயத்தைச் சுற்றித் தரை முழுதும் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. அவற்றின் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. இந்தக் கற்கள் முன்பு, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி இயங்கிவந்த பக்கத்து மயானத்தில் இருந்தவை. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த மயானத்துக் கட்டுமானங்கள் எதிரிக்கு மறைவிடமாக உதவின. முற்றுகை நீங்கியதும் அவற்றை எடுத்துவிட்டுக் கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். இவற்றில் 1652ஆம் ஆண்டுக் கல் ஒன்றும் உண்டு. இந்தியாவில் காணப்படும் ஆங்கிலக் கல்வெட்டுகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள்.

ஒன்பது பேல் துணி

இந்த ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் 1680 நவம்பரில் நடந்தது. மாப்பிள்ளை எலிஹு யேல். 1672இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளத்தில் எழுத்தராக வந்தவர். 1687இல் கவர்னர் ஆனார். பதவியைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகள் எழ, 1692இல் பதவி நீக்கப்பட்டார். ஆனாலும் பெருஞ்செல்வத்தோடுதான் 1699இல் இங்கிலாந்து திரும்பினார்.

1718இல் அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரி அவரிடம் உதவி கேட்டது. அவர் ரொக்கம் அனுப்பவில்லை, சரக்கு அனுப்பினார். ஒன்பது பேல் துணிமணி, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தப் பணத்தில் கட்டடம் எழும்பியது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம் அதுதான். ஒன்பது பேல் சரக்குக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேலாக விளம்பரம் கிடைத்த வியாபாரம் வேறு எங்கும் நடந்திருக்காது.

அதே சமயம் அந்தச் செல்வத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்நாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். தன் வரலாற்றில் அடிமை முறைக்கு இருந்த பங்குக்காக யேல் பல்கலைக்கழகமே 2024இல் மன்னிப்புக் கேட்டது. பெயர் நிலைக்கலாம்; கணக்கும் கூடவே நிலைக்கும். பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் காட்ட முடியாது அல்லவா!

அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

கோட்டையை விட்டு வெளியே வந்து, உயர் நீதிமன்றத்தைத் தாண்டி என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வாருங்கள். நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் ஆண்டர்சன் ஆலயம் இருக்கிறது. 1837இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் பாதிரியாரின் பெயர் அதற்கு. அந்தப் பள்ளிதான் வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1937இல் தாம்பரம் போகும்வரை கல்லூரி இந்தக் கடைத்தெரு நடுவில்தான் இயங்கியது.

அங்கிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்குள் நுழையலாம். நம் தரகர்களும் கைவண்டிக்காரர்களும் இப்பெயரைச் சொல்லக் கேட்டு, ஏதோ ஜமீன் அரண்மனை இருந்த இடம் என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். அரண்மனை எதுவும் இல்லை. ‘ஆர்மீனியக்காரன் தெரு’ என்பதுதான் நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது.

ஆர்மீனியர்கள் யார்? துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் அருகில் உள்ள மலைநாட்டு மக்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் இவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய், தம் தலைநகரான இஸ்ஃபகானை ஒட்டிக் குடியேற்றினார். அந்தக் குடியிருப்பின் பெயர் புதிய ஜுல்ஃபா. அங்கிருந்து பட்டு, வாசனைச் சரக்கு, இரத்தினம், துணி என்று உலகமெங்கும் வாணிபம் செய்தார்கள். சொந்த அரசு இல்லை, படை இல்லை, பீரங்கி இல்லை. உறவினரும் ஊராரும் ஆங்காங்கே இருந்துகொண்டு கடிதம் மூலமாகவும் நம்பிக்கையின் பேரிலும் நடத்திய வியாபாரம். நம் தென்மாவட்ட வணிகர்களும் செட்டிநாட்டாரும் ஊர்விட்டு ஊர் போய்க் கடை வைத்த விதத்தை நினைத்துக்கொண்டால் இது நமக்குச் சட்டென விளங்கும்.

1688இல் இவர்களுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் லண்டனில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. சரக்குக் கட்டணம், கப்பலில் இடம், சுங்கம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் எழுதி வாங்கினார்கள். கம்பெனியின் ஊர் எதிலாவது நாற்பது ஆர்மீனியர்கள் குடியிருந்தால், அவர்கள் வழிபடக் கம்பெனியே ஓர் ஆலயம் கட்டித் தர வேண்டும்; குருவுக்கு ஆண்டுக்கு 50 பவுன் தர வேண்டும். விலை பேசும்போதே வழிபாட்டுக்கும் சேர்த்துப் பேசிய கெட்டிக்கார வியாபாரிகள்!

சென்னையில் இவர்கள் ஆலயம் 1712இல் முதலில் எழுந்தது. இப்போது நாம் காண்பது 1772இல் கட்டியது. வெளியே கைவண்டி, ஆட்டோ, ஹாரன் சத்தம். கனமான மரக்கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. வேப்பமரமும் அரளியும் நிற்கும் முற்றம். தரையில் சுமார் 350 ஆர்மீனியரின் கல்லறைகள். ஆலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கிறது மணிக்கூண்டு. அதில் ஆறு பெரிய மணிகள். நாம் தூரத்திலிருந்து பார்த்துவந்த கூண்டு அதுதான்.

அந்தக் கல்லறைகளில் ஒன்று ஹருத்தியூன் ஷ்மாவோனியான் என்ற குருவுடையது. 1794இல் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழை இவர் சென்னையில் அச்சிட்டார். ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதலில் வெளிவந்த பத்திரிகை அது. சொந்த நாட்டில் இல்லை, இந்த ஊரில்! 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அதற்கு முன்னரே 1770களில் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற பெருவணிகர் இங்கே அச்சகம் வைத்து, என்றைக்காவது தங்கள் நாடு விடுதலை பெற்றால் எப்படி ஆளவேண்டும் என்று ஓர் அரசியல் சட்டநூலே அச்சிட்டார். கடை நடத்துகிறவனுக்கு அரசியல் சட்டம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

பாலம் கட்டிய வியாபாரி

ஆர்மீனியர்களில் நாம் பெயரை நினைவில் வைக்க வேண்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். 1720களில் சென்னைக்கு வந்தவர். ஊருக்கும் பரங்கிமலைக்கும் நடுவே அடையாறு குறுக்கிடுகிறது. மழைக்காலத்தில் மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்கத் திண்டாடினார்கள். 1726இல் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். மார்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். மலைமேல் ஏறுவதற்குப் படிக்கட்டும் கட்டிக் கொடுத்தார்.

பாலத்துக்கு ஆன செலவு 30,000 வராகன் என்று சொல்கிறார்கள். நம்மைக் கவர்ந்தது அந்தத் தொகை அல்ல. அதற்கு மேல் 1,500 வராகனைத் தனியாகப் பாலத்தின் பராமரிப்புக்கென்று ஒதுக்கினாரே, அதுதான். கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கட்டியதை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்துப் பணம் ஒதுக்குகிறவன் கணக்குத் தெரிந்த வியாபாரி. நம் ஊர்களில் வணிகர்கள் கட்டிக்கொடுத்த சத்திரங்கள், தண்ணீர்ப் பந்தல்கள், பேருந்து நிழற்குடைகள் எத்தனை இன்று சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் அந்த 1,500இன் அருமை புரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் ஊரைப் பிடித்தபோது தங்கள் பக்கம் வருமாறு உஸ்கானை அழைத்தார்கள். அவர் மறுத்தார். அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்தபின் என்ன செய்தார்கள்? ஆர்மீனியர்களும் கத்தோலிக்கர்களும் இனிக் கோட்டைக்குள் வீடு வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உஸ்கான் ஒருவருக்கு மட்டும் விலக்கு, மற்றவர்கள் வெளியேறினார்கள். ஆர்மீனியர் ஆலயமும் தெருவும் கடைவீதி நடுவில் இருப்பதன் பின்னணி இது. எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரின் தயவில் வாழ்ந்தால் கதி இதுதான் என்பதை நாம் தனியே விளக்க வேண்டியதில்லை.

உஸ்கான் 1751இல் இறந்தார். அவர் பாலம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. 1960களில் அதன் இடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்தது. இன்று சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆலயத்தைக் கல்கத்தா ஆர்மீனியர்கள் பராமரித்து வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

அதே தெருவில் சில அடி தள்ளி இன்னொரு ஆலயம்: கத்தோலிக்கரின் புனித மேரி இணைப் பேராலயம். அந்தோணியார் கோயில் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1642இல் எஃப்ரேம் என்ற பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி சென்னைக்கு வந்து வழிபாட்டுக்கும் பள்ளிக்கும் ஏற்பாடு செய்தார். கோட்டைக்குள் அவர்களுக்கு ஆலயம் இருந்தது. 1749க்குப் பிறகு, பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் அதை இடித்துவிட்டார்கள். அவர்களும் இங்கே வந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆர்மீனியர் ஆலயத்தில் மணி இருக்கிறது, மக்கள் இல்லை. இங்கே செவ்வாய்க்கிழமை போனால் நிற்க இடம் இருக்காது. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். வாசலில் மெழுகுவத்தியும் மாலையும் விற்பவர்களுக்கு அன்றுதான் வியாபாரம். நாம் கேட்டபோது பூக்காரம்மா ஒருவர், “எங்க வாரம் செவ்வாக்கெழமைதாங்க ஆரம்பிக்குது” என்றார். ஒரு கோயிலைச் சுற்றி ஒரு கடைவீதி எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டாம்.

தெருப் பெயர்களே பேரேடு

இனி நேரம் இருக்கிற அளவுக்குத் தெருக்களில் நடக்கலாம். தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் 18ஆம் நூற்றாண்டில் கம்பெனியோடு வணிகம் செய்த இருவர் பெயரைத் தாங்குபவை. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677இல் மராட்டிய வீரர் சிவாஜி அங்கு வந்து வணங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. பவழக்காரத் தெரு, மத்தியதரைக் கடலிலிருந்து பவழம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன வணிகர்களின் தெரு. அவர்களில் யூதர்களும் இருந்தனர். பிராட்வே என்று நாம் சொல்லும் பிரகாசம் சாலை, முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே ஓடிய பெரிய கழிவுநீர்ப் பள்ளத்தைத் தூர்த்து, ஸ்டீபன் பாபம் என்ற வழக்கறிஞர் உண்டாக்கிய தெரு. தங்கசாலையில் 1840களில் நாணயம் அடிக்கும் சாலை அமைந்தது. 1869இல் அதை மூடினார்கள்.

நமக்கு மிகவும் பிடித்தது வால்டாக்ஸ் சாலையின் கதை. ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல்வரை வந்துபோன பிறகு, 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். மதிலுக்கு ஆன செலவை உள்ளே குடியிருப்போரிடம் வரியாக வசூலிப்பது என்று ஏற்பாடு. வசூலிக்கச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று தெரியவந்ததால் வரி கைவிடப்பட்டது. மதில் போய்விட்டது; வட பக்கத்தில் மாடிப்பூங்கா என்ற பெயரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்துவிட்டது. வரி விஷயத்தில் இப்படியொரு நல்ல செய்தி நம் இதழில் வருவது அபூர்வம்.

கடைசியாகக் கொத்தவால் சாவடி. மூத்த உறுப்பினர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் வண்டிகளும் கூலியாட்களும் சேறும் இரைச்சலுமாக இருந்த காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் சந்தையை நம்பியிருந்த சாக்குக் கடை, டீக்கடை, வட்டிக்கடை, தராசு பழுது பார்ப்பவர், சுமை தூக்குவோர் ஆகியோரில் எல்லோருக்கும் கோயம்பேட்டில் இடம் கிடைக்கவில்லை. அண்ணா பிள்ளைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு மளிகை மொத்தக் கடைகள் இன்னும் நின்று தொழில் செய்கின்றன.

நமக்கு இதில் என்ன?

இத்தனையும் பார்த்துவிட்டு லாரி ஷெட்டுக்குத் திரும்பியபோது மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. இன்று செல்போனில் படம் அனுப்பி ஆர்டர் கொடுத்தால் சரக்கு வாசலுக்கு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் பாரிமுனைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பெரிய கம்பெனிகளின் கிடங்கு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. கடைவீதி என்ற ஒன்றே இன்னும் இருபது முப்பது ஆண்டில் இருக்குமா?

ஆர்மீனியர்களின் கடைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. அவர்களுடைய லாபக் கணக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருப்பவை ஓர் ஆலயம், ஒரு பத்திரிகை, ஒரு பாலம், ஒரு தெருப் பெயர். அவர்கள் ஊருக்குச் செய்தது மட்டும் நின்றிருக்கிறது. நம் கடைவீதி நிலைக்குமா என்பது முழுக்க நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் சிலவற்றையாவது செய்யலாம்.

பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்போர், கட்டிய ஆண்டு பொறித்த கல்லோ சுதை வேலையோ முகப்பில் இருந்தால் அதன்மேல் பெயர்ப்பலகையை அடிக்காமல், கொஞ்சம் கீழிறக்கி மாட்டுங்கள். செலவு ஒன்றும் இல்லை. இடித்துக் கட்ட வேண்டி வந்தால் அந்தக் கல்லையாவது எடுத்துப் புதுச்சுவரில் பதியுங்கள். கோட்டை ஆலயத்தில் கற்களைக் காத்தது போல. தாத்தா காலத்துப் பேரேடு, விலைப்பட்டி, குத்தகைப் பத்திரம் இவற்றை எடைக்குப் போடாதீர்கள். ஒரு காலத்தில் ஊரில் என்ன விளைந்தது, என்ன விலை விற்றது என்பதற்கு அவைதாம் சாட்சி. நமக்கு வேண்டாம் என்றால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.

சென்னையில் 2004 முதல் ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். இளைஞர்கள் கூட்டமாக இந்தத் தெருக்களில் நடந்து பார்க்கிறார்கள். கடை வாசலில் நின்று படம் எடுத்தால் சில முதலாளிகள் விரட்டுவதைப் பார்த்தோம். விரட்ட வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, இந்தக் கடை எத்தனை தலைமுறை என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நம் ஊர்க் கடைவீதிக்கும் இப்படி ஒரு நடை ஏற்பாடு செய்ய முடியும். தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தூத்துக்குடி, பாளையங்கோட்டை போன்ற ஊர்களில் பழைய ஆலயமும் பழைய கடைத்தெருவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. சரக்கை முதலில் லாரி ஷெட்டில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். கையில் மூட்டையோடு கோட்டைக்குள் போக முடியாது.

2. ஆர்மீனியர் ஆலயத்தைப் பிற்பகலில் பூட்டிவிடுவார்கள். கொள்முதல் முடிய நேரமாகும் என்றால் முதல் நாள் மாலையே சென்னை வந்து, மறுநாள் காலையில் நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் காலியாக இருக்கும். கட்டடங்கள் நன்றாகத் தெரியும். ஆனால் ஆலயங்களில் வழிபாட்டு நேரம். கடைகளும் இருக்காது.

4. வழிபாடு நடக்கும்போது படம் எடுக்க வேண்டாம். கல்லறைக் கற்களை மிதிக்காமல் நடப்பது நல்லது. செல்போனை அடக்கி வையுங்கள்.

5. உயர் நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் 2019 முதல் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. அந்த நிலையங்களில் இறங்கினால் எல்லாமே நடக்கும் தூரம்.

6. வெயில் ஏறுவதற்குள் கோட்டை, பிறகு நிழலுள்ள தெருக்கள் என்ற வரிசையில் போனால் நான்கு மணி நேரம் போதும்.

சைதாப்பேட்டைப் பக்கம் போக நேர்ந்தால் ஒரு நிமிடம் நின்று உஸ்கானை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாலம் போன பிறகும் அதைக் கட்டிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு மட்டும் ஆற்றங்கரையில் நெடுங்காலம் கவனிப்பாரற்று நின்றது. பாலத்துக்கு அவர் 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். கல்லுக்கென்று எதுவும் ஒதுக்க அவருக்குத் தோன்றவில்லை போலும். அந்தப் பங்கை அவருக்குப் பின்னால் அதே ஊரில் கொள்முதல் செய்கிற நாம்தான் செலுத்த வேண்டும்.